கருப்பட்டி கரையும் வரை

போன மாதம் உங்கள் புகைப்படச் சங்கக் கூட்டத்துக்கு என்னை அழைத்து, முன்வரிசையில் நாற்காலி போட்டு, கழுத்தில் தோவாளை மாலையும் போட்டீர்கள். மாலை நன்றாக இருந்தது. படங்களிலும் பல நன்றாக இருந்தன. ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். உங்களில் ஒருவர்கூடத் தன் படத்தை எங்களைப் பார்க்க விடவில்லை. திரையில் படம் விழுவதற்கு முன்பே அது எங்கே எடுத்தது, எத்தனை நாள் காத்திருந்தது, காலில் எப்படி முள் குத்தியது என்று சொல்லத் தொடங்கிவிடுகிறீர்கள். பார்ப்பவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒரே குரலில் "அருமை, அருமை" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குத் தயாராகிவிடுகிறார்கள். அன்றே இதைச் சபையில் சொல்லியிருந்தால் போட்ட மாலையைக் கழற்றி வாங்கியிருப்பீர்கள். அதனால் எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், நாகர்கோவிலில் நான் வேலை கற்றுக்கொண்ட ஸ்டுடியோவில் மூன்று பேர் இருந்தோம். முதலாளியின் பெயரை எழுதப்போவதில்லை. தன் பெயர் படத்தின் மூலையில் வருவதைக்கூட விரும்பாத மனிதர் அவர். எங்களுக்கு அவர் அண்ணாச்சி. குட்டையான உடம்பு, பெரிய வயிறு, வேட்டிக்குக் கீழே இரண்டு மெலிந்த கால்கள். எப்போதும் ஒரு பழைய கோட்டு போட்டிருப்பார். கல்யாண வீடுகளிலிருந்து திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டால் அந்தக் கோட்டைக் கழற்றுவார். காமிராப் பெட்டியின் மேல்தான் போடப்போகிறார் என்று நினைப்போம். போடமாட்டார். எங்கள் இருவர் தலைக்கு மேலும் விரித்துப் பிடித்துக்கொண்டு தான் நனைந்துகொண்டே வருவார். "பெட்டிக்கு மூடி உண்டு. உங்களுக்கு உண்டா?" என்பார்.

இரண்டாவது ஆள் எஸ்தரக்கா. மிஷன் பள்ளியில் லேஸ் பின்னப் பழகிய விரல்கள். ஸ்டுடியோவில் டச்சிங் வேலை முழுவதும் அவருடையது. அப்போது பிலிம் கிடையாது, கண்ணாடி பிளேட்டுதான். அதன்மேல் பென்சிலால் தொட்டுத் தொட்டு மணப்பெண்ணின் முகப்பருவை மறைப்பார். வேண்டாததைச் சின்னக் கத்தியால் சுரண்டி எடுப்பார். நாக்கும் அந்தக் கத்தி மாதிரிதான். மூன்றாவது ஆள் நான். பூதப்பாண்டியில் வயலுக்குப் போகச் சோம்பல்பட்டு ஸ்டுடியோவுக்கு ஓடிவந்தவன். ஊர்ப்பெயரைப் பாதியாக வெட்டி என்னைப் 'பூதம்' என்றே கூப்பிட்டார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் வாடிக்கைக்காரர்கள் போனபின் அண்ணாச்சி ஸ்டுடியோவுக்குக் குறுக்கே ஒரு கயிறு கட்டுவார். அந்த வாரம் எடுத்ததில் தொழிலுக்கு வெளியே உள்ள படங்கள், அதாவது எனக்கும் அவருக்கும் பைத்தியமாக இருந்த பறவைப் படங்கள், அந்தக் கயிற்றில் தொங்கும். பிறகு அலமாரியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுப்பார். அதில் உடைத்த கருப்பட்டி இருக்கும். யாருடைய வேலை கயிற்றில் தொங்குகிறதோ அவர் ஒரு துண்டை எடுத்துக் கடைவாயில் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். கடிக்கக் கூடாது, விழுங்கக் கூடாது. அது கரைந்து முடியும் வரை வாய் திறக்கக் கூடாது. மற்ற இருவரும் அதுவரை பார்த்துப் பேசுவார்கள். எஸ்தரக்கா தன் முறை வந்தால் டப்பாவையே கவிழ்த்து இருப்பதிலேயே சின்னத் துண்டாகப் பொறுக்குவார். அது வேறு கதை.

பார்ப்பவர்களுக்கும் சட்டம் உண்டு. கொள்ளாம் என்றும் சொல்லக் கூடாது, மோசம் என்றும் சொல்லக் கூடாது.

"கொள்ளாம், கொள்ளாதுன்னு சொல்லதுக்கு நாம என்ன பொண்ணு பாக்கவா வந்திருக்கோம்?" என்பார் அண்ணாச்சி. "உனக்க கண்ணு மொதல்ல எங்க போச்சு, பெறவு எங்க போச்சு, எங்க போயி முட்டிக்கிட்டு நின்னுது. அத மட்டும் சொல்லு, போதும்."

கேட்க எளிதாக இருக்கிறது. செய்து பாருங்கள், நாக்கு தானாகவே அருமை என்று சொல்லப் போகும்.

நான் முதன்முதலாகக் கயிற்றில் தொங்கவிட்டது ஒரு நாரைப் படம். வயலில் இடுப்பளவு சேற்றில் நின்று எடுத்தது. அட்டை கடித்துக் காலெல்லாம் ரத்தம். கருப்பட்டியை வாயில் போடுவதற்கு முன்பே அட்டைக் கதையை அவசரமாகச் சொல்லி முடித்துவிட்டேன். கள்ளத்தனம்தான். எஸ்தரக்கா படத்துக்குக் கிட்டே போய், எட்டப் போய், மறுபடியும் கிட்டே வந்து பார்த்தார்.

"அட்டை கடிச்சது படத்துல தெரியல்லியே மக்கா. எனக்கு வயக்காட்டுல யாரோ வேட்டி காயப்போட்டிருக்க மாதிரியாக்கும் இருக்கு."

எனக்கு வந்த கோபத்தில் கருப்பட்டி இனிக்கவே இல்லை. ஆனால் கரைந்து முடிவதற்குள் நானும் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்ததே. பார்க்கப் பார்க்க அது வேட்டியாகவே ஆகிவிட்டது. வெள்ளை முழுவதும் வெந்து போய், இறகு ஒன்றுகூடத் தனியாகத் தெரியவில்லை. நான் பட்ட பாடு என் காலில் இருந்தது, படத்தில் இல்லை. அதற்குப் பிறகு வெள்ளைப் பறவைகளை உச்சி வெயிலில் எடுப்பதை விட்டேன்.

எஸ்தரக்காவும் தப்பவில்லை. ஒரு முறை பனைப் பொந்தில் பகலில் உட்கார்ந்திருந்த புள்ளி ஆந்தையை எடுத்து வந்து டச்சிங்குக்குக் கொடுத்தேன். சனிக்கிழமை கயிற்றில் தொங்கியபோது ஆந்தையின் நெற்றியில் ஒரு புள்ளிகூட இல்லை. முகம் வழவழவென்று, இரண்டு கண்ணிலும் ஒரே அளவில் வெளிச்சப் பொட்டுடன், முகூர்த்தத்துக்குத் தயாராக இருந்தது. அம்மைத் தழும்பை எடுத்து எடுத்துப் பழகிய கை, புள்ளியைக் கண்டதும் தானாகவே எடுத்துவிட்டது.

அண்ணாச்சி ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏட்டி எஸ்தர், ஆந்தைக்கு மாப்ள பாக்கியா?"

வாயில் கருப்பட்டியோடு சிரிப்பை அடக்க முடியாமல் எஸ்தரக்காவுக்குப் புரையேறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் போய் முதுகில் தட்டினேன். அதிலிருந்து எந்தப் பறவை பிளேட்டைத் தொடும் முன்பும் அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்பார்: "இது தழும்பா, பிறவியா?" தழும்பு என்றால் பிளேட்டில் விழுந்த கீறலோ தூசியோ, எடுக்கலாம். பிறவி என்றால் பறவையோடது, தொடக் கூடாது. இன்றைக்கு உங்கள் வேலைக்கும் இந்தக் கேள்வி போதும் என்றே நினைக்கிறேன்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு வருஷம் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு பேராசிரியர் அண்ணாச்சியைத் தேடி வந்தார். ஊர் நம்ம பக்கம்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கென்று பறவைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். வரைந்த படங்களுக்குப் பதில் எடுத்த படங்களைப் போட ஆசை. மழைக்காலம் முடியும்போது வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அண்ணாச்சி சின்னக் காமிராப் பெட்டியை என் முன்னால் வைத்தார்.

"இந்த மழைக்கு இது உனக்கு. பொஸ்தகத்துல நம்ம படம் ஒண்ணு ஏறிச்சுன்னா அடுத்த மழைக்கும் தாறேன். இல்லேன்னா பறவைய மறந்துரு மக்கா. கல்யாண வீட்டுக்கே பிளேட் பத்தல்ல."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தலைப்பாகையை நேராக்குவதிலேயே என் ஆயுசு போய்விடுமோ என்று பயந்தேன்.

தேரூர்க் குளத்தில் தாமரை இலைக்கோழி குஞ்சு பொரித்திருந்தது. உங்களுக்குத் தெரிந்த பறவைதான். நீண்ட விரல்களை விரித்து இலைமேலேயே நடந்து போவது. வாழைத்தடிகளைக் கட்டித் தெப்பமாக்கி, அதன்மேல் காமிராவை வைத்து இலையால் மூடி, நாளுக்குக் கொஞ்சமாகக் கிட்டே தள்ளிக்கொண்டு போனேன். ஷட்டரிலிருந்து ஒரு நீளமான நூல் கரைக்கு வரும். கரையில் தாழம்புதருக்குப் பின்னால் நான் படுத்திருப்பேன். ஆரல்வாய்மொழிக் காற்று இலைகளைப் புரட்டிப் புரட்டிப் போடும். ஒரு முறை நூலை இழுத்தால் ஒரே படம். சத்தம் கேட்டுப் பறவை போய்விடும், பிறகு அன்றைக்கு ஒன்றும் கிடையாது.

நாலு குஞ்சுகள். அவற்றைப் பார்த்துப் பார்த்து எனக்கு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஆகிவிட்டன. ஒரு நாள் சாரல் விழத் தொடங்கியது. பறவை காலை மடக்கி இலைமேல் உட்கார்ந்து சிறகைக் கொஞ்சம் அகற்றியது. குஞ்சுகள் ஓடிவந்து சிறகுக்கு அடியில் நுழைந்தன. பறவை எழுந்தது. குஞ்சுகள் கீழே விழவில்லை! அவற்றைச் சிறகுக்குள் இடுக்கிக்கொண்டு அது நடக்கத் தொடங்கியது. குஞ்சுகளின் நீளமான கால்கள் மட்டும் சிறகுக்கு வெளியே தொங்கி ஆடின. நான் நூலை இழுத்தேன்.

மறுநாள் பெருமழை. குளம் நிறைந்து இலைகளெல்லாம் தண்ணீருக்கடியில் போயின. பறவை குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டது. என் கையில் இருந்தது அந்த ஒரு பிளேட்டு மட்டும்.

பேராசிரியர் திங்கட்கிழமை மத்தியானம் வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் படம் கயிற்றில் ஏறியது. என்னைப் பொறுத்தவரை அதுபோல ஒரு படம் யாரும் எடுத்ததில்லை. கீழே பறவை, பின்னால் தாமரைக்குளம், மேல் பாதி முழுவதும் தாடகைமலை, மேகம் இறங்கிய எங்கள் ஊர் மலை. கருப்பட்டியை வாயில் போட்டுக்கொண்டு கையைக் கட்டி நின்றேன். முகத்தில் பெருமை வழிந்திருக்கும்.

"எனக்க கண்ணு மொதல்ல மலைக்குப் போச்சு," என்றார் அண்ணாச்சி. "பெறவு கீழ வந்துச்சு. அங்க வந்து இந்தக் காலுல முட்டிக்கிட்டு நிக்கி. ரெண்டு காலுக்கும் கூடுதலா என்னமோ தொங்குது. பறவ அசைஞ்சிருக்கும், என்ன?"

"அசையல்ல அண்ணாச்சி. அசைஞ்சா தலையும் ரெண்டாத் தெரியணும்லா," என்றார் எஸ்தரக்கா. "தாமரைத் தண்டு ஒட்டிக்கிட்டு இருக்கு. இல்லேன்னா மருந்து வழிஞ்ச கோடு. லேய் பூதம், இது தழும்பா பிறவியா?"

நான் என்ன சொல்ல? வாயில் கருப்பட்டி. தலையை ஆட்டினேன். தலையை இரண்டு பக்கமும் ஆட்டினால் தழும்பு இல்லை என்றும் அர்த்தமாகலாம், பிறவி இல்லை என்றும் அர்த்தமாகலாம். அவர்கள் தங்களுக்குத் தோன்றியதை எடுத்துக்கொண்டார்கள்.

"வெளிச்சம் போறதுக்குள்ள சுரண்டி எடுத்துருகேன்," என்று எஸ்தரக்கா பிளேட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரத்து மேசைக்குப் போனார். அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஞாயிறு அவர் வேதக்கோவிலுக்குப் போவதைத் தவிர வேறு எதற்கும் கையை அசைக்கமாட்டார். திங்கட்கிழமை காலை முழுவதும் வெயிலில் அச்சுப் போடவும் கழுவவும் காயவைக்கவும் வேண்டும். டச்சிங் அன்றைக்கே முடிந்தாக வேண்டும்.

கத்தியை எடுத்தார். சாணையில் இரண்டு இழுப்பு இழுத்தார். பிளேட்டைச் சாய்த்து வைத்தார். இவ்வளவும் நான் பார்த்துக்கொண்டே நின்றேன். சட்டத்தை மீறி, துப்பிவிட்டுக் கத்தலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அந்தப் பழக்கத்தின்மேல் எனக்கு இருந்த மரியாதை எவ்வளவு பைத்தியக்காரத்தனமானது என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. கத்தவில்லை. கையை நீட்டிப் பிளேட்டுக்கும் கத்திக்கும் நடுவில் வைத்துவிட்டேன்.

விரலில் பட்டு ரத்தம் வந்தது. எஸ்தரக்கா கத்தியைப் போட்டுவிட்டு, "சவமே, கையக் கொண்டாந்து என்னத்துக்கு இங்க வச்ச?" என்று பதறி, முந்தானையைக் கிழித்துக் கட்டினார். நான் கருப்பட்டியைக் கடித்து நொறுக்கப் போனேன்.

"கடிக்காத," என்றார் அண்ணாச்சி. அவர் முகம் மாறியிருந்தது. "விரல வைக்கான்னா அங்க என்னமோ இருக்கு. பைய கரையட்டும். அதுக்குள்ள நாங்க இன்னொரு மட்டம் பாக்கோம். முன்ன ஒழுங்காப் பாக்கல்ல."

அந்தக் காத்திருப்பை என்னால் மறக்க முடியாது. ஜன்னலில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. விரல் விண் விண்ணென்று தெறித்தது. அந்தக் கருப்பட்டியோ கல்லாக இருந்தது. எஸ்தரக்கா பூதக்கண்ணாடியைப் பிளேட்டின்மேல் வைத்துக் குனிந்தார். குனிந்தவர் எழும்பவே இல்லை.

"அண்ணாச்சி, இதுக்கு நகம் இருக்கு," என்றார் கடைசியில். "தண்டுக்கு நகம் உண்டுமா? மூட்டும் இருக்கு. காலுதான் இது. கூடுதலா நாலு காலு… லேய், குஞ்சா? செறகுக்குள்ள குஞ்சா இருக்கு?"

நான் தலையை மேலும் கீழும் ஆட்டினேன். இந்த முறை யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எஸ்தரக்கா அந்தச் சின்னக் கத்தியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார். "கர்த்தாவே, அழிச்சிருப்பேனே," என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கருப்பட்டி கரைந்ததும் நான் சாரலைப் பற்றியும் சிறகைப் பற்றியும் ஒரு மூச்சு பேசித் தீர்த்தேன். பேசிவிட்டு, "உங்களுக்கெல்லாம் கண்ணு இருக்கா?" என்றும் கேட்டேன். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீ சொன்ன, எங்களுக்கு வெளங்கிச்சு. செரி. பொஸ்தகத்துக்குள்ள நீ உக்காந்துகிட்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லுவியா மக்கா?"

கோபத்தோடு வீட்டுக்குப் போனேன். ஞாயிறு முழுவதும் அந்தக் கோபத்தை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தேன். சாயங்காலமாகத்தான் ஒன்று புரிந்தது. அவர்கள் சொன்ன வைத்தியம் தப்பு. சுரண்டியிருந்தால் படம் செத்திருக்கும். ஆனால் வலிக்கிற இடத்தைச் சரியாகத் தொட்டுச் சொல்லியிருந்தார்கள். மலைக்குப் போகிறது, பிறகு காலில் முட்டுகிறது என்றார்கள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. உங்கள் படத்தைப் பார்த்து யாராவது "இதை வெட்டு, அதை அழி" என்று சொன்னால் அப்படியே செய்துவிடாதீர்கள். கோபித்துக்கொண்டும் போய்விடாதீர்கள். அவர் கண் எந்த இடத்தில் தடுக்கியது என்பதை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே என்ன செய்வது என்பது உங்கள் வேலை.

திங்கட்கிழமை விடிந்ததும் நான் போனபோது இருவரும் எனக்கு முன்பே வந்திருந்தார்கள். எஸ்தரக்கா என் விரலைப் பார்த்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"நாலு குஞ்சுன்னு சொன்னேல்லா? கூடுதலாத் தெரியது நாலு காலு. அப்ப செறகுக்குள்ள ரெண்டோ மூணோ இருக்கும். வெளிய ஒண்ணாவது இருக்கணுமே. அது எங்க?"

நான் நினைத்துப் பார்த்தேன். நூலை இழுக்கும் அவசரத்தில் கடைசிக் குஞ்சைக் கவனிக்கவில்லை. மூவரும் பிளேட்டின்மேல் தலையை முட்டிக்கொண்டு தேடினோம். இடது பக்கம், புரண்டுகிடந்த ஒரு தாமரை இலையின் நிழலில் அது நின்றது. பறவையை நோக்கி ஒரு காலைத் தூக்கி ஓடிவரும் நிலையில். அச்சில் அந்த இடம் ஒரே கறுப்பாக விழுந்திருந்ததால் நாங்கள் யாரும் பார்க்கவில்லை. எடுத்த நானே பார்க்கவில்லை.

எஸ்தரக்கா பிளேட்டின் பின்பக்கம் அந்த இடத்தில் மட்டும் மெல்லிய காகிதத்தை ஒட்டினார். அங்கே வெயில் குறைவாக இறங்கும், கறுப்பு வெளுக்கும், குஞ்சு வெளியே வரும். கையில் பென்சிலை எடுத்தவர், குஞ்சின் கண்ணில் ஒரு சின்னப் பொட்டு வைக்கட்டுமா என்று அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தார்.

"வேண்டாம்டி. உள்ளத வெளிச்சத்துக்குக் கொண்டு வா. இல்லாதத வைக்காத," என்றார் அவர். பிறகு ஒரு கறுப்புக் காகிதத்தை என் கையில் கொடுத்தார். "மலைய நீயே மூடு."

பிளேட்டின் மேல் பாதியை மறைக்கச் சொல்கிறார். எனக்கு மனசே இல்லை. பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்த மலை. அது படத்தில் இவ்வளவு அழகாக விழுந்தது அதுதான் முதல் தடவை. காகிதத்தை வைத்தேன், எடுத்தேன், கொஞ்சம் மேலே தள்ளி மறுபடியும் வைத்தேன்.

"மல எங்கயும் போகாது மக்கா," என்றார் அண்ணாச்சி மெதுவாக. "நாளைக்கும் அங்கதான் நிக்கும். குஞ்சு நிக்காதுல்லா?"

மூடினேன். நல்லவேளை, அன்று வெயில் காய்ந்தது. அச்சு காய்ந்து கயிற்றில் ஏறியபோது பேராசிரியரின் வண்டி வாசலில் வந்து நின்றது.

அண்ணாச்சி டப்பாவைத் திறந்தார். எனக்கு ஒரு துண்டு கொடுத்தார். எஸ்தரக்காவிடம் நீட்டினார், அந்த நேரத்திலும் அவர் சின்னத் துண்டாகத் தேடினார். பிறகு அண்ணாச்சி இருப்பதிலேயே பெரிய துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். அந்தப் படத்தில் மூவருடைய கையும் இருந்தது, மூவருக்கும் பேச உரிமை இல்லை.

பேராசிரியர் உள்ளே வந்து, "சுகமா இருக்கேளா?" என்று கேட்டார். கன்னம் உப்பிய மூன்று பேர் கைகூப்பினோம். அவர் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"என்னவே, எல்லாருக்கும் ஒண்ணாப் பல்வலியா?"

அண்ணாச்சி சிரிக்காமல் கயிற்றைக் காட்டினார். பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தார். நாரை, மீன்கொத்தி, ஆந்தை எல்லாவற்றையும் கடந்தார். இலைக்கோழியிடம் நின்றார். அவர் விரல் முதலில் வெளியே நின்ற குஞ்சைத் தொட்டது. குஞ்சின் காலில் இறங்கியது. அங்கிருந்து குஞ்சு ஓடும் திசையில் நகர்ந்து, பறவையின் சிறகுக்குக் கீழே தொங்கிய கால்களிடம் போய் நின்றது.

"அட," என்றார். "மத்ததெல்லாம் உள்ளயா இருக்கு! இவன் மட்டும் பிந்திட்டான்!"

எஸ்தரக்கா என் கையைப் பிடித்து, காயம்பட்ட விரல் என்பதையும் மறந்து, அழுத்தினார். எனக்கு வலிக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லாமல், எங்கள் மூன்று பேர் வாயும் அடைத்திருக்க, படம் தானே பேசிவிட்டது. இந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்குப் பிறகு கிடைத்ததில்லை.

"இது எனக்கு வேணும்," என்றார் பேராசிரியர். "பொஸ்தகத்துல மொதல் படமா இதத்தான் போடுகேன்." அண்ணாச்சி என் பக்கம் திரும்பாமலே மூலையில் இருந்த சின்னக் காமிராப் பெட்டியை எடுத்து என் காலடியில் வைத்தார். அடுத்த மழைக்கும் அது எனக்கு.

பேராசிரியர் பேனாவைத் திறந்தார். "கீழ என்ன எழுதலாம்?" என்று கேட்டுவிட்டுத் தாளில் அவரே எழுதினார். "'தாயின் சிறகு'. எப்படி இருக்கு? தாய்ப்பாசம்னா இதுல்லா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிள்ளைகள் படிக்கும் புத்தகம்! அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் என் வாயைப் பார்த்தார், பிறகு படத்தைப் பார்த்தார், பிறகு தலையை அசைத்தார். படம் தன்னால் முடிந்ததை எல்லாம் சொல்லி முடித்துவிட்டது, இனி உன் முறை என்று அதற்கு அர்த்தம். சனிக்கிழமை கடிக்காதே என்று சொன்ன அதே மனிதர். நான் கருப்பட்டியை நறுக்கென்று கடித்து நொறுக்கி விழுங்கினேன்.

"ஐயா, அது தாயில்ல. அப்பன். இந்தப் பறவையில பெட்ட முட்டய இட்டுட்டுப் போயிரும். அடை காக்கதும் குஞ்சத் தூக்கிச் சொமக்கதும் எல்லாம் சேவல்தான். குளத்தங்கரையில கெடந்து நாளெல்லாம் பாத்திருக்கேன்."

பேராசிரியர் பேனாவை எடுத்து 'தாயின்' என்பதை அடித்தார். அதற்குள் எஸ்தரக்காவின் சின்னத் துண்டு கரைந்துவிட்டிருந்தது. அவர் படத்துக்குக் கிட்டே போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"அப்பனா?" என்றார். "பெரிய வயிறு, குச்சிக் காலு, மழை வந்தா பிள்ளைகளக் கோட்டுக்குள்ள இடுக்கிக்கிட்டு நடக்கது… லேய் பூதம், இது நம்ம அண்ணாச்சிக்க படமுல்லா!"

பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை, அண்ணாச்சியின் பழைய கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணாச்சி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கண் இரண்டும் நிறைந்துவிட்டது. என்னமோ சொல்ல வந்தவர் போலக் கையைத் தூக்கினார். ஆனால் அவர் எடுத்தது பெரிய துண்டு. அது இன்னும் பாதிகூடக் கரைந்திருக்கவில்லை.